சார்ல்ஸ்டன் பழைய தேவாலயங்கள்: இரண்டு நாளில் எதைப் பார்ப்பது?

பாளை_மகள் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் வட கரோலினாவில் சார்லட்டில் இருக்கிறோம். ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்திருக்கிறார்கள். அடுத்த மாதம் ஒரு சனி ஞாயிறு அவர்களைத் தென் கரோலினாவில் கடலோரம் இருக்கிற சார்ல்ஸ்டனுக்குக் கூட்டிப்போகலாம் என்று திட்டம்.

அப்பா பொதுப்பணித் துறையில் ஓவர்சீயராக இருந்து ரிட்டயர் ஆனவர். எந்தக் கட்டடத்துக்குக் கூட்டிப்போனாலும் சுவரில் கையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருவார். இங்கே வீடெல்லாம் மரச்சட்டமும் அட்டையும் என்று தெரிந்ததிலிருந்து அமெரிக்கர்களின் கட்டட வேலை மேல் அவருக்குப் பெரிய மரியாதை இல்லை. அம்மாவுக்கு அந்தக் கவலையெல்லாம் கிடையாது. ஆலயம் என்றால் உள்ளே போய் உட்கார வேண்டும், முடிந்தால் ஞாயிறு ஆராதனையில் இருக்க வேண்டும். நாங்கள் சி.எஸ்.ஐ. சபை. அம்மாவுக்கு முழங்கால் வலி, ரொம்ப தூரம் நடக்க முடியாது.

இணையத்தில் தேடினால் ஆளாளுக்கு இருபது பெயர் போடுகிறார்கள். படத்தில் எல்லாமே வெள்ளைச் சுவர், பெரிய தூண், கூர்கோபுரம். எனக்கு ஒன்றுக்கும் மற்றதற்கும் வித்தியாசமே தெரியவில்லை. சார்ல்ஸ்டன் கவுண்டியில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) நகரத்துக்கு வெளியேயும் பழைய ஆலயங்கள் இருப்பதாகச் சொல்கிறார்கள். எதைக் கட்டாயம் பார்க்க வேண்டும், எதை விட்டுவிடலாம்? அப்பாவை அசத்துகிற மாதிரி ஏதாவது இருக்கிறதா?

கூஸ்கிரீக்_குமார் எழுதியது:

குதிரை வண்டிச் சுற்றுலா எடுத்துவிடுங்கள். ஒரு மணி நேரத்தில் ஊரைச் சுற்றிக் காட்டிவிடுவார்கள், அம்மா நடக்கவும் வேண்டாம். சர்ச் எல்லாம் வெளியிலிருந்து பார்த்தால் போதும். உள்ளே எல்லாம் ஒரே மாதிரிதான். மத்தியானம் மார்க்கெட் பக்கம் ஷாப்பிங், சாயங்காலம் பேட்டரி பூங்காவில் காற்று வாங்கலாம். கார் நிறுத்துமிடம் மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

கரணை எழுதியது:

குமார் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். "உள்ளே எல்லாம் ஒரே மாதிரி" என்று ஒரு ஓவர்சீயரிடம் சொல்லிப் பாருங்கள்! நான் இந்த ஊரில் பழைய கட்டடங்களின் சுவரையும் அஸ்திவாரத்தையும் ஆய்வு செய்கிற வேலையில் இருக்கிறேன். சொந்த ஊர் தூத்துக்குடி. உங்கள் அப்பா மாதிரி ஆட்கள் இங்கே வந்தால் எனக்குக் கொண்டாட்டம். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அப்பாவிடம் ஒரே ஒரு விஷயம் சொல்லி வையுங்கள்: இந்த ஊரில் கல் கிடையாது. தரையைத் தோண்டினால் மணல், களிமண், சதுப்பு. கட்டடக் கல் வேண்டுமென்றால் கப்பலில்தான் வர வேண்டும். ஆனால் கட்டியவர்கள் மனதில் இருந்தது லண்டன், ரோம், கிரேக்கக் கோயில்கள். கல்லில் எழுந்ததையெல்லாம் இங்கே செங்கல்லிலும் சுண்ணாம்புப் பூச்சிலும் மரத்திலும் வார்ப்பிரும்பிலும் எழுப்பினார்கள். சார்ல்ஸ்டன் தேவாலயங்களை அந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். எது கல்மாதிரி தெரிகிறதோ, அது உண்மையில் என்ன என்று அப்பாவையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். நாள் முழுக்க அவருக்குப் பொழுது போகும்.

செயின்ட் மைக்கேல்ஸிலிருந்து ஆரம்பியுங்கள். மீட்டிங் தெருவும் பிராட் தெருவும் சந்திக்கிற முனையில் இருக்கிறது. 1752-ல் அடிக்கல் நாட்டி 1761-ல் திறந்தார்கள். முகப்பில் ஆளுயரத்தைப்போல் பல மடங்கு உயரத் தூண்கள், அதற்குப் பின்னால் 186 அடி உயரக் கோபுரம். சுவரும் தூணும் செங்கல் கட்டு, மேலே பூச்சு, வெள்ளை வண்ணம். இதைப் பார்த்ததும் அப்பா "இதை நான் எங்கோ பார்த்திருக்கிறேனே" என்பார். பார்த்திருப்பார். சென்னை கதீட்ரல் சாலையில் செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலைப் பார்த்திருந்தால் இரண்டும் ஒரே குடும்பம் என்று தெரிந்துவிடும்.

காரணம் ஜேம்ஸ் கிப்ஸ் என்ற கட்டடக் கலைஞர். லண்டனில் செயின்ட் மார்ட்டின்ஸ் தேவாலயத்தை 1726-ல் முடித்தார். முன்னால் ரோமானியக் கோயில்போல் தூண் மண்டபம், அதன் பின்னாலேயே கூரையிலிருந்து எழும்புகிற கூர்கோபுரம். இந்த இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தது அப்போது பலருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் 1728-ல் தன் வரைபடங்களையெல்லாம் அவர் புத்தகமாக அச்சிட்டுவிட்டார். அந்தப் புத்தகம் கப்பலேறிப் போன துறைமுகங்களிலெல்லாம் இந்த மாதிரி தேவாலயம் முளைத்தது. செயின்ட் மைக்கேல்ஸுக்கு அடிக்கல் நாட்டிய செய்தியைப் போட்ட உள்ளூர்ப் பத்திரிகை, "கிப்சன்" என்பவரின் வடிவமைப்பு என்று எழுதியது. கிப்ஸைத்தான் அப்படிக் குறிப்பிட்டார்கள் என்பது வரலாற்று ஆசிரியர்களின் கணிப்பு. சென்னையில் 1815-ல் எழுந்த செயின்ட் ஜார்ஜும் அதே அச்சு. எழும்பூர் கிர்க் என்கிற ஸ்காட்டிஷ் சபைத் தேவாலயம், 1821-ல் திறந்தது, அதற்கும் மேலே. செயின்ட் மார்ட்டின்ஸுக்குக் கிப்ஸ் முதலில் போட்டு, செலவு அதிகம் என்று ஒதுக்கப்பட்ட வட்ட வடிவத் திட்டத்தைத் தழுவி, டி ஹாவிலண்ட் என்ற ராணுவப் பொறியாளர் சென்னையில் கட்டினார். இளகிய மண்ணில் உறைகிணறுகளை இறக்கி அதன்மேல் நிற்க வைத்தார். அது அப்பாவுக்குத் தெரிந்திருக்கும். அங்கும் செங்கல், சுண்ணாம்பு. இங்கும் செங்கல், சுண்ணாம்பு. ஆளுக்கொரு கடற்கரை.

உள்ளே போனால் கதவு வைத்த பெட்டி இருக்கைகள் இருக்கும். உள்ளூர் தேவதாரு மரம். குடும்பம் குடும்பமாகக் காசு கொடுத்து வாங்கி வைத்திருந்த இடங்கள் அவை. 43-ஆம் எண் இருக்கையில் 1791-ல் ஜார்ஜ் வாஷிங்டன் உட்கார்ந்து ஆராதனை கேட்டார் என்று காட்டுவார்கள். அம்மா அங்கேயே உட்கார்ந்துகொள்ளட்டும், அப்பாவை மாடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தக் காலத்தில் இந்த ஊர்த் தேவாலயங்களில் அடிமைப்படுத்தப்பட்டவர்கள் பெரும்பாலும் மேலே மாடத்தில்தான் உட்கார வேண்டும். கீழே இருந்த சுவரைக் கட்டியவர்களும் பெரும்பாலும் அவர்கள்தான்.

மணிகளின் கதை தனி. எட்டு மணிகள், லண்டன் ஒயிட்சாப்பல் வார்ப்படச் சாலையில் செய்து 1764-ல் வந்தன. சுதந்திரப் போரில் தோற்றுக் கிளம்பும்போது ஆங்கிலேயர் 1782-ல் அவற்றைக் கழற்றி லண்டனுக்கு எடுத்துப்போனார்கள். அங்கே ஒரு வணிகர் வாங்கித் திருப்பி அனுப்பினார். உள்நாட்டுப் போரில் பத்திரமாக இருக்கட்டும் என்று ஏழு மணிகளை மாநிலத் தலைநகரான கொலம்பியாவுக்கு அனுப்பினார்கள். 1865-ல் அந்த ஊரே எரிந்தது, மணிகளும் போயின. உடைந்த துண்டுகளை அள்ளி மறுபடி அதே ஒயிட்சாப்பலுக்கு அனுப்பி, பழைய அளவிலேயே வார்த்து 1867-ல் கொண்டுவந்தார்கள். அதோடு விடவில்லை. 1989-ல் ஹூகோ புயல் வந்த பிறகு 1993-ல் திரும்பவும் லண்டனுக்குப் பழுது பார்க்கப் போய் வந்தன. இந்த மணிகள் அளவுக்கு அட்லாண்டிக்கைக் கடந்த சார்ல்ஸ்டன்காரர்கள் அந்தக் காலத்தில் குறைவு.

அங்கிருந்து சர்ச் தெரு பக்கம் நடந்தால் பிரெஞ்சு ஹியூகனாட் தேவாலயம். 1845-ல் முடிந்தது. எட்வர்ட் பிரிக்கெல் ஒயிட் என்பவர் வடிவமைத்தார், ராணுவப் பள்ளியில் படித்த பொறியாளர். சின்னக் கட்டடம், காதிக் பாணி, அதாவது இடைக்கால ஐரோப்பாவின் கூர்வளைவு பாணி. மேலே வரிசையாகக் கூர்முனைகள் நிற்கும். கல் செதுக்கு மாதிரித் தெரியும், அதெல்லாம் வார்ப்பிரும்பு. உள்ளே விதானத்தில் வளைவு வளைவாகப் போகிற விலா எலும்புகள் வெறும் பூச்சு வேலை. பிரான்சிலிருந்து மதத் துன்புறுத்தலுக்குத் தப்பி வந்த புராட்டஸ்டண்டுகளின் சபை இது. முன்பெல்லாம் ஆராதனை நேரத்தைக் கடல் ஏற்ற வற்றத்தைப் பார்த்து வைத்திருக்கிறார்கள். தோட்டங்களிலிருந்து படகில் வருகிற சபையார் வற்றத்தோடு இறங்கி வந்து, ஏற்றத்தோடு வீடு திரும்ப வேண்டும். இன்றும் வருஷத்துக்கு ஒரு முறை வசந்த காலத்தில் பிரெஞ்சு மொழியில் ஆராதனை நடத்துகிறார்கள்.

அதே தெருவில் தெரிகிற பெரிய கோபுரம் செயின்ட் பிலிப்ஸ். தெருவே அதற்கு வளைந்து வழிவிட்டுப் போகும். நல்ல கட்டடம்தான், 1838-ல் முடித்தது, கோபுரம் பிறகு அதே ஒயிட் போட்டது. கப்பல்களுக்கு வழிகாட்ட ஒரு காலத்தில் அந்தக் கோபுரத்தில் விளக்கு வைத்திருந்தார்கள். ஆனால் செயின்ட் மைக்கேல்ஸைப் பார்த்தவர்கள் இதை வெளியிலிருந்து பார்த்தால் போதும் என்பது என் கருத்து. கல்லறைத் தோட்டத்தில் மட்டும் ஒரு வேடிக்கை. தேவாலயத்தை ஒட்டிய தோட்டத்தில் உள்ளூர்க்காரர்கள். தெருவுக்கு எதிர்ப்பக்கம் வெளியூர்க்காரர்கள். அமெரிக்கத் துணை அதிபராக இருந்த ஜான் கால்ஹூனே எதிர்ப்பக்கத்தில்தான் படுத்திருக்கிறார், ஏனென்றால் அவர் பிறந்தது இந்த ஊரில் இல்லை. முப்பது வருஷம் கழித்தும் "நீங்கள் எந்த ஊர்?" என்று கேட்கப்படுகிற நம்மைப் போன்றவர்களுக்கு இதைப் பார்த்தால் ஒரு ஆறுதல்.

நான் "இது ஒன்றை விடாதீர்கள்" என்று சொல்வது யூனிடேரியன் தேவாலயம். ஆர்ச்டேல் தெருவில் இருக்கிறது. கூட்டம் இருக்காது. 1772-ல் கட்ட ஆரம்பித்து, போரினால் தடைப்பட்டு, 1787-ல் முடித்த சாதாரணக் கட்டடம். 1852-ல் பிரான்சிஸ் லீ என்ற இளைஞரிடம் புதுப்பிக்கக் கொடுத்தார்கள். வயது இருபத்தாறு. அவர் பழைய சுவர்களை இடிக்காமல், உள்ளே லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் இருக்கிற ஏழாம் ஹென்றி சிற்றாலயத்தின் விதானத்தை முன்மாதிரியாக வைத்து ஒரு கூரையை விரித்தார். தூணிலிருந்து விலாக்கள் கிளம்பி மேலே போகப்போக விரிந்து, பக்கத்துத் தூணின் விரிப்போடு முட்டி நிற்கும். வரிசையாகப் பனையோலை விசிறிகளைப் பிடித்து நிற்பது மாதிரி. வெஸ்ட்மின்ஸ்டரில் அது கல், கல்லே கல்லைத் தாங்குகிறது. இங்கே அது பூச்சு. பாரம் தாங்குகிற வேலை அதற்கு இல்லை. அப்பா நிமிர்ந்து பார்த்து, இதன் எடையெல்லாம் எங்கே இறங்குகிறது என்று சுவரைத் தேடுவார். தேடட்டும், நீங்கள் சொல்லிவிடாதீர்கள். வெளியே தோட்டத்தை வெட்டிச் சீராக்காமல் வேண்டுமென்றே காடுமாதிரி விட்டிருக்கிறார்கள், கல்லறைகளுக்கு நடுவே செடியும் கொடியும். அம்மாவுக்கு உட்கார நல்ல நிழல்.

(லீ பிறகு உள்நாட்டுப் போரில் கப்பலைத் தகர்க்கிற நீள்கம்பு டார்பிடோ செய்தார். தேவாலய விதானத்திலிருந்து டார்பிடோவுக்கு! அந்தத் தலைமுறையே அப்படி.)

உண்மையான கல் பார்க்க வேண்டும் என்று அப்பா அடம்பிடித்தால் பிராட் தெருவில் கத்தோலிக்கப் பேராலயம் இருக்கிறது, செயின்ட் ஜான் தி பாப்டிஸ்ட். கனெக்டிகட்டிலிருந்து வரவழைத்த பழுப்பு மணற்கல். முன்னால் அதே இடத்தில் இருந்த பேராலயம் 1861 டிசம்பர் தீயில் போய்விட்டது. அதை வரைந்த பேட்ரிக் கீலியே இதையும் வரைந்தார். திறந்தது 1907-ல். பணம் போதாமல் கோபுரத்தின் உச்சியைக் கட்டாமலே விட்டு, 2010-ல்தான் வைத்து முடித்தார்கள். நூறு வருஷம் மொட்டையாக நின்ற கோபுரம். பொதுப்பணித் துறைக்காரருக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

பாளை_மகள் எழுதியது:

அண்ணாச்சி, ரொம்ப நன்றி. அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கிர்க் உறைகிணறு வரைக்கும் பேசாமல் கேட்டார், கடைசியில் கோபுரத்துக்குச் சிரித்துவிட்டார். அவர் கேட்கச் சொன்ன கேள்விகள்:

ஒன்று, கட்டு எந்தச் சாந்தில்? கிளிஞ்சல் சுண்ணாம்பா, கல் சுண்ணாம்பா? இரண்டு, அந்த ஊரில் பெரிய பூகம்பம் வந்ததாக எங்கோ படித்தாராம். பாரம் தாங்குகிற வெறும் செங்கல் சுவர் அதில் எப்படி நின்றது?

இது என் கேள்வி: எமானுவேல் தேவாலயத்துக்குப் போகலாமா? 2015-ல் அங்கே வேதபாட வகுப்பில் இருந்த ஒன்பது பேரைச் சுட்டுக் கொன்றதை அம்மா டிவியில் பார்த்து அழுதிருக்கிறார்கள். அங்கே ஞாயிறு ஆராதனைக்குப் போக ஆசைப்படுகிறார்கள். வேடிக்கை பார்க்க வந்த மாதிரி ஆகிவிடுமோ என்று எனக்குத் தயக்கம்.

சம்மர்வில்_வாசி எழுதியது:

அம்மாவைத் தாராளமாகக் கூட்டிப்போங்கள். நான் போயிருக்கிறேன். ஆராதனைக்கு வருகிறவர்கள் யாரையும் அவர்கள் வேற்றாளாகப் பார்ப்பதில்லை. நான் போனபோது பக்கத்தில் இருந்த பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு பாட்டுப் புத்தகத்தில் பக்கம் எடுத்துக் கொடுத்தார்கள். ஆராதனை நீளம், அம்மாவுக்குத் தண்ணீர் பாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். ஆராதனை நேரத்தில் போன் எடுத்துப் படம் பிடிக்காதீர்கள், அவ்வளவுதான். முன்கூட்டியே போன் பண்ணி அன்று ஆராதனை எங்கே, எத்தனை மணிக்கு என்று கேட்டுவிடுங்கள். படி ஏற முடியாதவர்களுக்கு என்ன வழி என்பதையும் அப்போதே கேளுங்கள்.

அந்தச் சபையின் கதையை அம்மாவுக்கு முன்னாலேயே சொல்லி வைப்பது நல்லது. இந்த ஊர் மெதடிஸ்ட் சபையில் இருந்த கறுப்பின மக்கள், தங்கள் அடக்க நிலத்தின் மேல் பிணவண்டிக் கொட்டகை கட்டியதைப் பொறுக்க முடியாமல் 1818-ல் வெளியேறித் தனிச் சபை ஆனார்கள். 1822-ல் அந்தச் சபையைச் சேர்ந்த டென்மார்க் வீசி என்பவர் அடிமைகளின் எழுச்சிக்குத் திட்டமிட்டார் என்று அவரோடு சேர்த்து 35 பேரைத் தூக்கிலிட்டார்கள். தேவாலயத்தை அழித்தார்கள். 1834-ல் கறுப்பினத் தேவாலயங்களையே தடை செய்தார்கள். போர் முடிகிற வரை மறைவாகக் கூடி ஜெபித்திருக்கிறார்கள். 1865-க்குப் பிறகு மரத்தில் எழுப்பிய தேவாலயத்தை வடிவமைத்தது தூக்கிலிடப்பட்ட வீசியின் மகன் ராபர்ட். அதைப் பூகம்பம் எடுத்துக்கொண்டது. இப்போது இருப்பது 1891-ல் கட்டியது.

அது நிற்கிற தெருவின் பெயரையும் பாருங்கள். கால்ஹூன் தெரு. மேலே கரணை சொன்ன அதே கால்ஹூன், அடிமைமுறை நல்லது என்று நாடாளுமன்றத்தில் வாதாடியவர். பக்கத்துப் பூங்காவில் உயரத் தூண்மேல் நின்ற அவர் சிலையை 2020-ல்தான் இறக்கினார்கள்.

கரணை எழுதியது:

சம்மர்வில்_வாசி சொன்னது சரி. எமானுவேலைப் பற்றி என் பங்குக்கு ஒன்று: அதை வரைந்த ஜான் டெவரோ அயர்லாந்திலிருந்து வந்தவர். கிங் தெருவில் ஜெர்மானியர்களுக்குச் செயின்ட் மேத்யூஸ் லூத்தரன் தேவாலயத்தைக் கட்டியவரும் அவரே. 1872-ல் முடிந்தது, 297 அடிக் கோபுரம். 1965-ல் தீப்பிடித்து அந்தக் கோபுரம் சாய்ந்தபோது உச்சி முனை தலைகீழாக வந்து தரையில் குத்தி நின்றுவிட்டது. கோபுரத்தைத் திரும்பக் கட்டிவிட்டார்கள், குத்திய முனையை மட்டும் எடுக்கவில்லை. கதவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. எமானுவேலிலிருந்து கொஞ்ச தூரம்தான்.

இப்போது அப்பாவின் கேள்விகள்.

சாந்து: கிளிஞ்சல்தான், ஆனால் இங்கே சிப்பி. சுண்ணாம்புக்கல்லுக்கு வழியில்லாத கடலோரம், கழிமுகமெல்லாம் சிப்பி ஓடு. பழங்குடி மக்கள் தின்று போட்ட சிப்பி மேடுகள் மலைபோல் கிடந்தன. அதை விறகடுக்கிச் சுட்டு நீற்றினார்கள். பூச்சு உதிர்ந்த இடத்தில் அப்பா இணைப்பைக் கிட்டப் போய்ப் பார்த்தால், சாந்துக்குள் சரியாக வேகாத சிப்பித் துணுக்குகள் வெள்ளைப் பொட்டாகத் தெரியும். நகத்தால் கீறினால் மணல் உதிரும். நம் ஊர்க் கடுக்காய், வெல்லம் சமாச்சாரம் கிடையாது. செங்கல்லும் மிருது. கூப்பர், வாண்டோ ஆற்றங்கரைத் தோட்டங்களில் அடிமைகள் அறுத்துச் சுட்டவை. பச்சைக் கல்லைத் தூக்கி வைக்கும்போது அழுந்திய விரல் தடம் சில கற்களில் அப்படியே வெந்து நிற்கிறது. சில தடங்கள் சின்னக் கை. வேலை செய்யும்போது என் சுட்டுவிரல்கூட அதற்குள் நுழையாது. அப்படி ஒரு கல்லைக் கண்டால் நான் கொஞ்ச நேரம் அடுத்த கல்லுக்குப் போவதில்லை.

சென்ற நூற்றாண்டில் இந்தச் சுவர்களுக்கு நடந்த பெரிய அநியாயம் சிமென்ட். மிருதுவான செங்கல்லுக்கு நடுவே கெட்டியான போர்ட்லேண்ட் சிமென்ட்டை அடைத்தால், சுவருக்குள் ஏறிய ஈரம் இணைப்பு வழியாக வெளியேற முடியாமல் கல் வழியாக வெளியேறும். உப்புக் காற்று ஊர் வேறு. உப்பு பூத்து, கல்லின் முகம் செதில் செதிலாக உரிந்து, கடைசியில் சிமென்ட் மட்டும் கூடுமாதிரி துருத்திக்கொண்டு நிற்கும். இப்போது எங்கள் வேலையில் பாதி, ஒருகாலத்தில் யாரோ நல்லெண்ணத்தில் பூசிய சிமென்ட்டைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்பு வைப்பதுதான். அப்பாவுக்கு இது புதிதாக இருக்காது. நம் ஊர்க் கோயில் மதில்களிலும் இதே கூத்துதான்.

பூகம்பம்: 1886 ஆகஸ்ட் 31, இரவு பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால். "எப்படி நின்றது" என்றால், நிறைய நிற்கவில்லை. ஊரில் சேதமாகாத செங்கல் கட்டடம் அரிது. செயின்ட் மைக்கேல்ஸ் கோபுரம் எட்டு அங்குலம் கீழே இறங்கியது, ஆனால் விழவில்லை. யூனிடேரியன் கோபுரம் சேதமாயிற்று. பழுது பார்த்தபோது பல கட்டடங்களில் ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவர் வரை இரும்புக் கம்பி ஓட்டி, வெளிப்பக்கம் தகடும் மரையும் போட்டு முறுக்கினார்கள். தெருவில் நடக்கும்போது வீட்டுச் சுவர்களில் வட்டமாக, நட்சத்திரமாக இரும்புத் தகடு தெரிந்தால் அது அலங்காரம் இல்லை, இந்தக் கம்பியின் தலை. அடுத்த பூகம்பத்தில் இவை எவ்வளவு உதவும் என்பதில் பொறியாளர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. நான் சந்தேகப்படுகிற கட்சி.

பூகம்பத்தை ஒரே கட்டடத்தில் பார்க்க வேண்டுமென்றால் மீட்டிங் தெருவில் சர்க்குலர் தேவாலயம். 1804-ல் ராபர்ட் மில்ஸ், பின்னாளில் வாஷிங்டன் நினைவுத்தூணை வரைந்தவர், அங்கே பெரிய வட்ட வடிவத் தேவாலயம் ஒன்றைக் கட்டினார். 1861 தீயில் எரிந்தது. எரிந்த சுவர்கள் இருபத்தைந்து வருஷம் அப்படியே நின்று, பூகம்பத்தில் சரிந்தன. சரிந்த செங்கல்லைப் பொறுக்கி எடுத்து 1892-ல் இப்போதைய தேவாலயத்தைக் கட்டி முடித்தார்கள். பூச்சு இல்லை, வெள்ளை இல்லை, கல் என்று பொய் சொல்லவில்லை. தடித்த வளைவுகள், வெறும் செங்கல். எனக்கு இந்த ஊரில் ரொம்பப் பிடித்த சுவர் அதுதான். பின்னால் கல்லறைத் தோட்டத்தில் 1695 முதல் தொடங்குகிற பழைய நடுகற்கள் உண்டு. கற்பலகையில் சிறகு முளைத்த மண்டை ஓடு செதுக்கியிருப்பார்கள். அதுவும் கப்பலில் வந்த கல்.

கடைசியாக, நகரத்துக்கு வெளியே. ஆஷ்லி ஆற்றுச் சாலையில் செயின்ட் ஆண்ட்ரூஸ், 1706-ல் கட்டி 1723-ல் சிலுவை வடிவத்துக்கு விரித்தது. வர்ஜீனியாவுக்குத் தெற்கே நிற்கிற தேவாலயங்களில் மிகப் பழையது என்பார்கள். கோபுரம் கிடையாது, தாழ்ந்த சுவர், பெரிய ஓக் மரங்கள். இன்றும் ஆராதனை நடக்கிறது. நேரமிருந்தால் போங்கள்.

நேரமில்லை என்றாலும் போக வேண்டியது செயின்ட் ஜேம்ஸ் சாண்டி. கவுண்டியின் வடகோடி, மெக்லெலன்வில் ஊர் தாண்டி, காட்டுக்குள் மண் சாலையில். 1768-ல் சாண்டி ஆற்று நெல் விவசாயப் பணக்காரர்கள் கட்டியது. சபையில் பலர் ஹியூகனாட் வம்சம். நெல்லும் போயிற்று, சபையும் கலைந்தது, சாலையும் வேறு பக்கம் போய்விட்டது. யாரும் இல்லாததால் யாரும் மாற்றிக் கட்டவும் இல்லை. முன்னாலும் பின்னாலும் தூண் மண்டபம் வைத்த கட்டடம், பின்பக்க மண்டபத்தைப் பிறகு அறையாக அடைத்துவிட்டார்கள். வட்டத் தூண்கள் முழுக்கச் செங்கல், அதற்கென்றே வளைவாக வார்த்த கல். வரி பிசகாமல் சுற்றி வந்திருக்கிறான் அந்தக் கொத்தனார். அப்பா சுவரில் கை வைக்கிற ஆள் என்றீர்களே, அவர் கை அங்கே தூணை விட்டு வராது. கதவு பெரும்பாலும் பூட்டியிருக்கும், வெளியே சுற்றிப் பார்ப்பதற்கே ஒரு மணி நேரம் வேண்டும்.

திட்டம் இப்படிப் போடுங்கள். சனி காலை செயின்ட் மைக்கேல்ஸ், ஹியூகனாட், சர்க்குலர். மூன்றும் கிட்டக் கிட்ட. அம்மா மத்தியானம் ஓய்வெடுக்கட்டும், சாயங்காலம் யூனிடேரியன். திறந்திருக்கும் நேரத்தை ஒவ்வொன்றுக்கும் முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள், சனிக்கிழமை கல்யாணம் நடந்தால் உள்ளே விடமாட்டார்கள். ஞாயிறு காலை எமானுவேல், பிறகு 17-ஆம் நெடுஞ்சாலை பிடித்துச் சாண்டி. அங்கிருந்து சார்லட்டுக்குப் போக மறுபடி சார்ல்ஸ்டன் நகரத்துக்குள் வர வேண்டாம், நேரே வடக்கே போய்விடலாம். முந்தின நாள் மழை பெய்திருந்தால் சின்னக் காரில் அந்த மண் சாலையில் இறங்காதீர்கள். வழியில் சாப்பாட்டுக் கடை குறைவு, புளியோதரை கட்டிக்கொள்ளுங்கள். கொசு மருந்தை மட்டும் மறந்துவிடாதீர்கள்.